வீட்டில் கண்ணாடியே வைக்காத பாட்டி! - கொல்லிமலையில் வாழ்ந்த 'கிரானி' பிராண்ட்

"இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்? பேசாம ஒரு இடத்துல உட்காரு பாட்டி!"

நம் வீடுகளில் தினமும் கேட்கிற வசனம்தான். அக்கறையில்தான் சொல்கிறோம். ஆனால், இதையே அனுப்பிவைத்த மிஷனும் சொல்லி, பெற்ற மகனும் சொல்லி, இரண்டு பேர் பேச்சையும் கேட்காமல் மலையேறிய ஒரு பாட்டி நம் தமிழ்நாட்டில் இருந்தார். பெயர் எவ்லின் பிராண்ட். 'கிரானி பிராண்ட்' என்றுதான் பலருக்கும் தெரியும்.

லண்டனில் வசதியான குடும்பத்தில் 1879-ல் பிறந்தவர் எவ்லின். கிறிஸ்தவ ஊழியத்துக்காக 30 வயதைக் கடந்த பிறகு இந்தியா வந்தார். ஜெஸ்ஸி பிராண்டை 1913-ல் திருமணம் செய்துகொண்டு கொல்லிமலையில் குடியேறினார்.

காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள், மருத்துவர், அறுவை சிகிச்சை செய்பவர், பணிப்பெண்கள், சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் என்று ஒரு மருத்துவமனையே அதில் விவரிக்கப்பட்டிருக்கிறது. ஆற்றங்கரை ஊருக்கு 11-ம் நூற்றாண்டிலேயே கிடைத்த வசதி, மலை மேலிருந்த ஊர்களுக்கு 20-ம் நூற்றாண்டு பிறந்தும் எட்டவில்லை. கொல்லிமலையில் மலேரியா வாட்டியது. குடிதண்ணீர் வழியாக 'நரம்புச் சிலந்தி' புழு உடம்புக்குள் புகுந்து, காலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அந்தப் புழுக்களைப் பொறுமையாகக் குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்ததும், சுத்தமான தண்ணீருக்காகக் கிணறு வெட்டியதும் இந்தத் தம்பதிதான்.

முதலில் ஊர் இவர்களை நம்பவில்லை. 1918-19-ல் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் பரவியபோது, அதுவரை இவர்களை எதிர்த்துவந்த உள்ளூர் பூசாரியே நோயில் விழுந்தார். பக்கத்தில் போகவே மற்றவர்கள் பயந்த நேரத்தில், வீடு தேடிச் சென்று கவனித்தவர்கள் இவர்கள். சாகும் தறுவாயில் தன் பெண் குழந்தையை அவர் இவர்களிடமே ஒப்படைத்தார். ரூத் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள்.

தனி ஆளாக...

மகன் பால், மகள் கோனி இருவரையும் படிப்புக்காக 1923-ல் இங்கிலாந்தில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. அதன்பிறகு அந்தப் பிள்ளை தன் அப்பாவைப் பார்க்கவே இல்லை. 1929-ல் கருநீர்க் காய்ச்சல் ஜெஸ்ஸியின் உயிரைப் பறித்தது. 44 வயதுதான். இறந்த செய்தி தந்தியில் வந்துவிட்டது; அவர் முன்பே எழுதிய கடிதம் அதற்குப் பிறகுதான் கப்பலில் மகன் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

கணவர் போன பிறகும் எவ்லின் இந்தியாவை விடவில்லை. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை என ஐந்து மலைகளுக்கும் போக வேண்டும் என்பது கணவனும் மனைவியும் சேர்ந்து கண்ட கனவு. எழுபதை நெருங்கும்போது மிஷன், 'வயதாகிவிட்டது, ஓய்வு பெறுங்கள்' என்றது. ஓய்வு பெற்றார். பிறகு தன் சொந்தப் பொறுப்பில் மலைக்கே குடிபோய்விட்டார்!

ஒரு மலைக் குதிரை, ஒரு கூடாரம், கொஞ்சம் மருந்து. ஊர் ஊராகப் போனார். குதிரையிலிருந்து விழுந்து எழுந்தது எத்தனையோ முறை. 75 வயதில் வீட்டில் தனியாக இருந்தபோது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ராத்திரி முழுக்கத் தரையிலேயே கிடந்தார். காலையில் வேலையாள் வந்துதான் பார்த்தார். கயிற்றுக் கட்டிலில் வைத்து மலையிலிருந்து இறக்கி, ஜீப்பில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

மகன் பால் அப்போது வேலூர் சி.எம்.சி-யில் அறுவை சிகிச்சை நிபுணர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு மீண்டும் அசைவு கொடுத்து உலகப் புகழ் பெற்றவர். 'போதும்மா, கீழே வந்துடுங்க' என்று அம்மாவிடம் மன்றாடினார். மகனின் பயத்தில் தப்பே இல்லை. பக்கத்தில் டாக்டர் கிடையாது, கூட ஆள் கிடையாது. ஆனால் அம்மா, 'நான் வந்துவிட்டால் இவர்களை யார் பார்ப்பார்கள்? பயன்படாத உடம்பைப் பத்திரப்படுத்தி என்ன செய்ய?' என்கிற ரீதியில் மறுத்துவிட்டார். மகனும் தோற்றுப்போனார். இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டு பாட்டி மறுபடி மலையேறினார்.

93 வயதில்தான் குதிரையை விட்டார். அதற்கும் ஊர்மக்களே வழி கண்டுபிடித்தார்கள். டோலி கட்டி, ஊர்விட்டு ஊர் தூக்கிப் போனார்கள். அவர் கவனித்துக்கொண்ட மக்கள், கடைசியில் அவரைச் சுமந்தார்கள்.

சுருக்கங்கள் சொல்லாத கணக்கு

கடைசி 20 வருடங்கள் தன் வீட்டில் அவர் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று பால் எழுதியிருக்கிறார். மலைக் கிராமம் ஒன்றில் சின்னக் கற்சுவரில் அம்மா உட்கார்ந்திருக்க, சுற்றிலும் கூடிய மக்கள் கண் மலர அவரையே பார்த்துக்கொண்டிருந்த காட்சிதான் மகனின் நினைவில் அழியாமல் நின்றது. வெயிலில் வெந்த, சுருக்கம் விழுந்த அந்த முகத்தை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பது அவருக்குப் புரிந்தது.

1974 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள்கள் முன்பு, 95 வயதில் எவ்லின் காலமானார். அவர் கேட்டுக்கொண்டபடியே சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி, கொல்லிமலையில் ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்தில் மண்ணில் வைத்தார்கள். நரம்புச் சிலந்தி நோய் ஒழிந்த நாடாக இந்தியா 2000-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் சாலை இல்லாத மலைக் கிராமங்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கிவரும் செய்திகளை இன்றும் படிக்கிறோம்.

எல்லாப் பாட்டிகளும் குதிரையேற வேண்டியதில்லை. முழங்கால் வலியோடு கோயிலுக்கோ சர்ச்சுக்கோ நடந்துதான் போவேன் என்பவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவேன் என்பவர் நம் வீட்டிலேயே இருப்பார். அடுத்த முறை 'உட்காரு' என்று சொல்வதற்கு முன்னால், 'உனக்கு என்ன செய்யணும்னு ஆசையா இருக்கு பாட்டி?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் வர ஆரம்பித்தால் போனைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.