அசைபடமும் அனுப்புவோர் சொல்லும்

பிரிந்திருப்போரை உள்ளத்தால் ஒன்றுபடுத்துவதே கடிதத்தின் பயனாகும். ஓலையும் தாளும் ஒருகாலத்தில் அப்பணியைச் செய்தன; இக்காலத்தில் மின்னஞ்சல் செய்கின்றது. அதனோடு படமும் பாட்டும் அசையும் ஓவியமும் சேர்ந்து செல்கின்றன. கிறிஸ்து பிறப்புத் திருநாள் அணுகுமாயின், சுடர் நடுங்கும் மெழுகுதிரிகளும் மின்னி மறையும் விண்மீன்களும் நம் அஞ்சற்பெட்டிகளில் வந்து குவிகின்றன. பொங்கலிலோ, பானை ஓயாது பொங்கி வழிந்தவண்ணம் இருக்கின்றது. இவற்றைக் கண்டு, 'எல்லாம் வீண் ஆரவாரம்' என்று வெறுக்கும் பெரியோரும் உளர். 'இவையிருக்கக் கடிதம் எதற்கு?' என்று வினவும் இளைஞரும் உளர். இரு கட்சியாரும் உண்மையில் ஒரு பாதியையே கண்டனர் என்பது எமது கருத்து. அசைபடம் நல்ல துணையே. ஆயின், அனுப்புவோர் தம் சொல்லை உடன் அனுப்பாவிடின், அது வாய் திறவாத் தூதாகும்.

இதன் வரலாறு நெடியதன்று. அமெரிக்க நாட்டுக் கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987-ஆம் ஆண்டில் 'ஜிஃப்' என்னும் பட அமைப்பை வெளியிட்டது. ஒரே கோப்பில் பல படங்களை அடுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதே அசைவின் மறைபொருள். 1992-இல் பொரென்ஸ்டைன், பிரீட் என்னும் இருவர் 'மைம்' என்னும் விதிமுறையை வகுத்தனர். அதன் பின்னரே, வெற்றெழுத்தைச் சுமந்துவந்த மின்னஞ்சல், படத்தையும் ஒலியையும் ஒரு பொதுமுறையில் சுமக்கலாயிற்று.

ஆயத்தமான வாழ்த்தை அனுப்பும் வழக்கமோ நமக்குப் புதிதன்று. இந்தியத் தந்தி அலுவலகங்களில் வாழ்த்துச் சொற்றொடர்களுக்கு எண்கள் இருந்தன. எண்ணைக் குறித்தாலே வாழ்த்து முழுமையும் சென்றடையும். 2013-ஆம் ஆண்டு சூலையில் தந்திச் சேவை முடிவுற்றது. ஆயினும் எண்ணிட்ட வாழ்த்தின் குறை அசைபடத்தில் இன்றும் வாழ்கின்றது. அது யார்க்கும் பொருந்தும். ஆதலின் எவர்க்கும் உரியதாகாது. திருத்தூதர் பவுலடிகள் உரோமருக்கு விடுத்த நிருபத்தைக் கைப்பட வரைந்தவர் தெர்தியு என்பார். எனினும் கொரிந்தியருக்கு விடுத்த முதல் நிருபத்தின் இறுதியில், அடிகள் வாழ்த்துதலைத் தம் கையாலேயே எழுதினார். பிறர் கை உதவுவதில் இழுக்கில்லை. தம் கை சேராதிருத்தலே இழுக்கு.

வாழ்த்தில் இக்குறை சிறிது, சான்றில் பெரிது. நம் வடசென்னைக் கடற்கரையே இதற்கு எடுத்துக்காட்டு. 2017 சனவரி 28-இல் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தின் அருகே இரு கப்பல்கள் மோதின. கடலில் கசிந்த எண்ணெய் எர்ணாவூர், திருவொற்றியூர்ப் பக்கங்களில் கரை ஒதுங்கிற்று. அதனை வாளிகளால் அள்ளினர். 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிற்று. படகும் வலையும் அலையாத்தி மரங்களும் கருமை பூண்டன. ஏழாண்டிற்குள் ஒரே கரையில் இருமுறை! கருமை ஒன்றே, காரணம் வேறு, பொறுப்பாளர் வேறு, இழப்பீடு கேட்கவேண்டிய இடமும் வேறு. எண்ணெய் தோய்ந்த வலையின் படம் நாளும் இடமும் இன்றிக் கைமாறிச் செல்லுமாயின், அது எவ்வாண்டின் துயர் என்று அயலூரார் எங்ஙனம் அறிவர்? பழம்படத்தைப் புதிதென நம்புவோரும் உளராவர்; புதுப்படத்தைப் பழையதெனத் தள்ளுவோரும் உளராவர். இரண்டாலும் மெலிவது மீனவர் வழக்கே.

செல்பேசியில் எடுத்த மூலப்படத்தினுள் நாளும் நேரமும் பெரும்பாலும் பதிந்திருக்கும். அதனை அசைபடமாக மாற்றுங்கால் அக்குறிப்பு மறைந்துபோகும். ஆதலின் சான்றாக வேண்டியதை மூலப்படமாகவே மின்னஞ்சலில் இணைத்து, இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி அனுப்புதல் வேண்டும்.

பெறுவோர் நிலையை எண்ணுதலும் நம் கடன். இணைப்பாகச் செல்லும் படம் வழியில் எழுத்துக்களாக மாற்றப்படுவதால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பருக்கின்றது. சில மின்னஞ்சல் செயலிகள் அசைபடத்தின் முதற்காட்சியை மட்டுமே காட்டும். எஞ்சியவற்றில் வைத்த செய்தி வீணாகும். பார்வையற்ற நண்பர் திரைபடிப்பான் வாயிலாக அஞ்சலைக் கேட்பர். படத்தினுள் பொறித்த வாழ்த்து பெரும்பாலும் அவர் செவிக்கு எட்டாது. இக்குறைகள் பலவற்றிற்கும் மருந்து ஒன்றே: உடன் எழுதிய நாலு வரி.

'எழுத்தறியாத தாய்க்கு நாலு வரியால் என்ன பயன்? படமே அவர்க்கு விளங்கும்' எனச் சிலர் மறுக்கலாம். தக்க வினாவே. அத்தாய்க்குத் தம் குரலைப் பதிந்து அனுப்புக, குரலும் சொல்லன்றோ? இராயபுரத்திலிருந்து கப்பற்பணிக்குச் சென்ற மகன், யாரோ செய்த மலர்ப்படங்கள் நூறு அனுப்புவதினும், 'அம்மா, நான் நலமாக இருக்கிறேன்' என்று தன் வாயால் ஒருமுறை கூறுவதே அன்னைக்குப் பெருவிருந்து.

மாணவ நண்பர்காள்! தமிழ் பயிலும் நாமே நம் சொல்லைப் பிறர் படத்திற்கு அடகு வைத்தல் நன்றோ? படம் அனுப்புக, தடையில்லை. அதன்முன், பெறுவோரைப் பெயர் சொல்லி விளித்து, உள்ளத்தில் உள்ளதை ஒரு வரியேனும் எழுதுக. நம் கரையின் துயரைக் காட்டும் படமாயின், நாளும் இடமும் குறியாது அனுப்பற்க.