ஓலையை மறக்கடிக்கும் கல்வி

அரியாங்குப்பத்திற்குத் தெற்கே, வங்கக் கடலின் அலைகள் வந்து மடியும் மணற்கரையில் அமைந்த மீனவர் ஊர் நல்லவாடு. அத்தகைய கடலோர ஊரிற் பிறந்த குழந்தை, பள்ளிப் படியை மிதிக்கும் முன்னரே தென்னையைப் பாதி படித்து முடித்துவிடுகிறது. மட்டையின்மேல் ஒன்று அமர, மற்றொன்று இழுத்துத் தேரோட்டுகிறது. ஓலையைச் சுருட்டி ஊதல் செய்கிறது. குரும்பையில் ஈர்க்கைச் செருகிச் சப்பரம் கட்டுகிறது. பாளை எது, பன்னாடை எது, இளநீர் எப்போது முற்றித் தேங்காயாகும், நெற்று எப்போது தானே விழும் என்பனவெல்லாம் அதற்குத் தெரியும். இவ்வளவு அறிவோடு ஐந்தகவையில் வகுப்பறைக்குள் நுழையும் அக்குழந்தைக்கு முதலிற் கற்பிக்கப்படுவது யாது? நீ அறிந்தது ஒன்றும் அறிவன்று என்பதே!

வகுப்பறைச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. அதில் ஒரு செடி. கீழே ஓர் ஆணிவேர், நடுவே ஒரு தண்டு, இருமருங்கும் நான்கு இலை, உச்சியில் ஒரு சிவந்த பூ, பக்கத்தில் ஓர் உருண்டைக் காய். எந்த நிலத்துச் செடி, என்ன பெயர்ச் செடி என்று வினவினால் விடை கிடையாது. அஃது எந்நிலத்திலும் முளையாத செடி. அதனின்று ஐந்து அம்புகள் புறப்படுகின்றன. உரூட்டு, இசுடெம்மு, இலீபு, பிளவர், புரூட்டு என்று குழந்தைகள் ஒருமுகமாகக் கூவ வேண்டும். வேர் நீரை உறிஞ்சும், தண்டு மேலேற்றும், இலை உணவாக்கும் என்னும் எளிய உண்மைகளும் அவ்வாறே புரியாத ஒலிகளாக நெட்டுருச் செய்யப்படுகின்றன.

பள்ளிக்கு வெளியே நிற்கும் தென்னையோ அந்தப் படத்தை மறுத்துக்கொண்டே நிற்கிறது! அதற்கு ஆணிவேர் இல்லை. அடியிலிருந்து கற்றையாய்க் கிளம்பும் சல்லிவேரே உண்டு. கிளையும் இல்லை. ஆண்டுதோறும் அடி பருப்பதும் இல்லை. அதன் பூ செந்நிற இதழ் விரித்துச் சிரிப்பதில்லை. பாளைக்குள் அடங்கியிருந்து, பாளை வெடித்தபின் கொத்தாக வெளிப்படுகிறது. படத்தை நம்பினால் தென்னை ஒரு செடியினமே அன்று என்றாகும். தென்னையை நம்பினால் படம் பிழை என்றாகும். மதிப்பெண் எப்பக்கம் இருக்கிறதோ அப்பக்கம் குழந்தை சாய்கிறது.

இலை என்னும் ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைப்பது தமிழன் வழக்கமன்று. வேம்புக்கும் புளிக்கும் இலை. நெல்லுக்கும் புல்லுக்கும் தாள். கரும்புக்கும் சோளத்துக்கும் தோகை. பனைக்கும் தென்னைக்கும் ஓலை. அடிப்பகுதியும் அவ்வாறே: கீரைக்குத் தண்டு, சோளத்துக்குத் தட்டை, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, வேம்புக்கு அடி. பிஞ்சிலும் மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, தென்னைக்குக் குரும்பை, வாழைக்குக் கச்சல். பூவுக்கோ அரும்பு, போது, மலர், வீ, செம்மல் எனப் பருவந்தோறும் ஒரு பெயர். இவற்றை வரிசைப்படுத்திக் காட்டியவர் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர். அவர் இவற்றை எங்கோ புதைந்து கிடந்த ஏட்டிலிருந்து மட்டும் தோண்டி எடுத்தாரல்லர். உழவரும் தோட்டக்காரரும் நாளும் வழங்கிய சொற்களே இவற்றுட் பெரும்பாலன. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் 2019 முதல் அவர்தம் கட்டுரை இடம்பெற்றது. மகிழத்தக்கதே. ஆனால் பதினைந்தகவையில், பொதுத்தேர்வுக்கென, இடப்பக்கத்தை வலப்பக்கத்தோடு பொருத்தி எழுதும் வினாவாக அது வந்து சேர்வதில் என்ன பயன்? ஐந்தகவையில் கண்முன் நின்ற பொருளுக்கு உரிய சொல்லைப் பறித்துவிட்டுப் பத்தாண்டு கழித்து அதையே பழம்பொருட் காட்சியில் வைத்துக் காட்டுவதுபோல் இருக்கிறது.

இது வெறுஞ் சொல்வளப் பெருமை என்று நகைப்பாரும் உளர். அவர்கள் வாழையை அருகிற் சென்று பார்க்கட்டும். படத்தின்படி நிலத்துக்கு மேல் நிமிர்ந்து நிற்பது தண்டு. வாழையில் நிமிர்ந்து நிற்பதோ தண்டன்று. ஒன்றையொன்று தழுவிய இலையடிகளின் உருளை. அதைத் தமிழ்ப்பெண்டிர் பட்டை என்றே உரித்தெடுத்து நார் கிழிக்கின்றனர். உள்ளே வெண்மையாய் இருப்பதை மட்டுமே தண்டு என்று நறுக்கிக் கறி சமைக்கின்றனர். அது பூவைத் தாங்கி மேலெழும் காம்பு. தாரை ஏந்துவதும் அதுவே. உண்மையான அடித்தண்டு நிலத்தினுள் கிழங்காய்க் கிடக்கிறது. கன்றுகள் கிளம்புவது அதனின்றே. கல்லூரியிற் செடிநூல் பயில்வோர்க்கு விளக்கிக் கூறப்படும் இவ்வேறுபாட்டைப் பட்டை, தண்டு, கிழங்கு, கன்று என்னும் நான்கு அடுக்களைச் சொற்கள் முன்னரே பிரித்து வைத்திருக்கின்றன. அந்நான்கையும் அறிந்த குழந்தையிடம் வாழைக்கு ஒரே 'இசுடெம்மு' என்பது கல்வியா, கல்வியழிப்பா?

ஆங்கிலத்திலும் ஓலைக்கு ஒரு சொல், புல்லின் தாளுக்கு ஒரு சொல் உண்டு என்பதை மறுக்க வேண்டுவதில்லை. அம்மொழிக்குரிய குழந்தை தன் தாயிடமிருந்து அவற்றைப் பெறுகிறது. நல்லவாட்டுக் குழந்தைக்கு வந்து சேர்வது ஆங்கிலமும் அன்று. ஆங்கிலத்தின் ஐந்து உதிரிச் சொற்கள்.

தொல்காப்பியத்தின் மரபியல் இத்துறையில் என்ன செய்திருக்கிறது என்பதைத் தமிழாசிரியருள்ளும் பலர் தேர்வுக்கப்பால் நினைப்பதில்லை. செடியினங்களுக்கு ஊறு என்னும் ஓரறிவு உண்டு என்றதோடு தொல்காப்பியர் நிற்கவில்லை. புறத்தே வன்மையுடையனவற்றைப் புல் என்றும், அகத்தே வன்மையுடையனவற்றை மரம் என்றும் பிரித்தார். தோடு, மடல், ஓலை, பாளை, ஈர்க்கு, குலை முதலியன புல்லினத்துக்கு உரியன. இலை, தளிர், கோடு, சினை, அரும்பு முதலியன மரத்துக்கு உரியன. காய், பழம், தோல் போல்வன இரண்டுக்கும் பொது என உறுப்புகளையும் பகுத்தார். தென்னை, பனை, மூங்கில் ஆகியவற்றை இற்றைச் செடிநூல் புல்லோடு சேர்த்து ஒருவித்திலையினம் என்கிறது. அவற்றின் தண்டில் வன்மையான நார்க்கற்றைகள் வெளிப்புறத்தே செறிந்திருப்பதையும், வேம்பிலும் தேக்கிலும் நடுக்கட்டையே வயிரம் பாய்வதையும் எடுத்துக் காட்டுகிறது. இரு பகுப்பும் முற்றும் ஒன்றே எனல் மிகை. கொடிகளுக்கும் சிறு பூண்டுகளுக்கும் மரபியற் பகுப்பு போதாது. எனினும் தென்னையும் அறுகும் ஓரினம் என்று கண்ட கண், வெட்டிப் பார்த்த கண். ஒரு பனஞ்சட்டத்தையும் ஒரு வேப்பங்கட்டையையும் வகுப்பறையில் வைத்துக் குழந்தைகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் எட்டகவைச் சிறுவனுக்கும் இது விளங்கும். அதற்குக் காசும் வேண்டா, கருவியும் வேண்டா.

உறுப்பின் பெயரைவிட உறுப்பின் தொழிலைக் கற்பிக்கும் இடத்திலேதான் தமிழ் வழிப் பள்ளியும் சறுக்குகிறது. ஆங்கிலம் ஒருபுறம் கிடக்க, வடமொழி இன்னும் வெளியேறவில்லை. பூந்தாது இருக்க 'மகரந்தம்' எதற்கு? மூச்சு இருக்கச் 'சுவாசம்' எதற்கு? உயிர்வளியும் கரிவளியும் இருக்க 'வாயு' எதற்கு? இலையின் பச்சையம் கதிரொளியைப் பற்றி, வேர் அனுப்பிய நீரையும் காற்றிலுள்ள கரிவளியையும் கொண்டு மாவுப்பொருள் சமைக்கிறது. உயிர்வளியை வெளிவிடுகிறது என்று சொன்னால் புரியாத குழந்தை உண்டோ? புல்லி, அல்லி, சூல், காம்பு, கணு என்று இன்று இயல்பாக வழங்கும் சொற்களும் தாமே வந்து அமர்ந்தவையல்ல. திருநெல்வேலியிற் கிளம்பிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1930-களில் கலைச்சொல் ஆக்கத்துக்கு உழைத்தனர். 1940-இல் சென்னை அரசு அமைத்த சீனிவாச சாத்திரியார் குழு வடசொற்களின் பக்கம் சாய்ந்தபோது தமிழறிஞர் எதிர்த்து நின்றனர். அன்று அவர்கள் வாளாவிருந்திருந்தால் இன்று பூவைப் 'புட்பம்' என்றும், இலையைப் 'பத்திரம்' என்றும் குழந்தைகள் எழுதிக்கொண்டிருப்பர்.

புதுவை நிலைமை இன்னும் இரங்கத்தக்கது. புதுவை, காரைக்கால் அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றி வந்தன. தொடக்க வகுப்புகளில் முன்னரே நுழைந்துவிட்ட நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சி.பி.எசு.இ.) பாடத்திட்டம் 2024-25 கல்வியாண்டில் எல்லா வகுப்புகளிலும் நிறைந்துவிட்டது. அதனோடு ஆங்கில வழியும் வேரூன்றியது. தில்லியில் எழுதப்படும் நூலில் நல்லவாட்டு மணலும் பாகூர் வயலும் வருமென எதிர்பார்ப்பது பேதைமை. ஆட்சியாளர் தாம் போற்றும் சட்டங்களையேனும் படித்துப் பார்த்தனரா? பயிற்றுமொழி இயன்றவரை குழந்தையின் தாய்மொழியாக இருத்தல் வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு. வேறு பல வகையில் தமிழுக்குக் கேடு சூழும் 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையே, இயன்ற இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையிலேனும் வீட்டுமொழியிற் கற்பிக்கச் சொல்கிறது. 'இயன்றவரை' என்னும் ஒரு சொல்லுக்குள் அத்தனையும் புதைந்துபோயின. புதுவையில் தமிழிற் கற்பிப்பது இயலாதாம்!

இம்மண்ணுக்கு இது புதிதுமன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த வடமொழிக் கல்லூரிக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைக் கூறுகிறது. உழுதவன் தமிழன், விளைந்தது தமிழ் நிலத்தில், வளர்ந்தது வேற்றுமொழி. வரி கட்டுவோன் பிள்ளைக்கு வேற்றுமொழியும், அதற்கு அவன் வயலே விலையும் என்னும் முறை ஆயிரத்து நூறாண்டுக்கும் மேலாகத் தொடர்கிறது.

ஆங்கிலம் வயிற்றுக்கு வேண்டும் என்பர். வேண்டுமாயின் மொழியாகக் கற்கட்டும், யார் தடுத்தார்? செடியைக் கற்பதற்கு அதைச் சுவராக்குவானேன்? ஈழத்தில் மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1864 முதல் மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். அவர் கையாண்ட கலைச்சொற்களில் வடசொல் மிகுதி என்பது வேறு. தமிழில் இயலாது என்று அவர் சொல்லவில்லை. இலங்கையில் இன்றும் தமிழ் மாணவர் பள்ளி இறுதி வரை உயிரியலைத் தமிழிற் பயின்றே பல்கலைக்கழக மருத்துவப் படிப்புக்குச் செல்கின்றனர். அமெரிக்கனுக்கு இயன்றது புதுவைத் தமிழனுக்கு இயலவில்லை!

அறிவு எம்மொழியில் வந்தால் உயிர் காக்கும் என்பதை நல்லவாடே உலகுக்குக் காட்டியதுண்டு. எம்.எசு. சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் புதுவை ஊர்களில் அமைத்த அறிவு நடுவங்களுள் ஒன்று அங்கிருந்தது. கடல்நிலை, காற்று பற்றிய செய்திகள் அங்கிருந்து ஒலிபெருக்கி வழியே தமிழிற் கூறப்பட்டு வந்தன. 2004 திசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து தொலைபேசியில் ஊருக்குச் சொல்ல, அதே ஒலிபெருக்கி மக்களைக் கரையைவிட்டு அகலச் செய்தது. அலை வீடுகளையும் படகுகளையும் தாக்கியது, மக்கள் பிழைத்தனர். அன்று ஒலிபெருக்கியில் வந்தது தாய்மொழி. அதனாலன்றோ கேட்ட நொடியில் கால்கள் ஓடின!

கரையோர மணலே அவ்வூர்ப் பிள்ளைக்குச் செடிநூற் கூடமாதல் வேண்டும். சோழமண்டலக் கரை மணலிற் படரும் அடும்பைப் பார்க்கட்டும். சங்கப் புலவர் மானடிக்கு ஒப்பிட்ட அதன் கவட்டிலையைத் தொடட்டும். அதன் கொடி கணுதோறும் வேரூன்றி மணலைப் பிடித்து நிறுத்துகிறது. தண்டு, கணு, வேர் மூன்றின் தொழிலும் ஒரு கொடியில் விளங்கிவிடும். இராவணன் மீசை என்னும் கூரிய புல்லின் உருண்டைக் கதிர்கள் காற்றில் உருண்டோடி விதை தூவுவதைத் துரத்திப் பார்க்கட்டும். தாழையின் விழுது அதைத் தாங்கி நிற்பதைக் காணட்டும். முளைத்த தேங்காயை உடைத்து உள்ளிருக்கும் 'பூ'வைத் தின்னட்டும். அது பூவன்று, பருப்பை உறிஞ்சி முளைக்கு ஊட்டும் விதையிலை என்று தின்னும்போதே ஆசிரியர் சொல்லட்டும். மறக்குமா?

நன்னூலார் கடைமாணாக்கனுக்கு உவமையாக நெய்யரி என்னும் பன்னாடையைக் காட்டினார். நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது அதன் இயல்பு. தென்னையில் மட்டையின் அடியைப் பிணித்து நிற்கும் அவ்வுறுப்பின் பெயர் இன்று பிறரை வைவதற்கு மட்டுமே எஞ்சியிருக்கிறது. இன்றைய தொடக்கப் பள்ளியில் பன்னாடை மாணாக்கனல்லன், பாடத்திட்டமே.

கல்வியுரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்காற் பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். கையொப்பமிட்டுத் தேநீர் பருகி எழுவதற்காக அவ்விருக்கைகள் அமைக்கப்படவில்லை. அடுத்த கூட்டத்துக்குச் செல்லும் வலைஞரும் உழவரும் தம் பிள்ளையின் சுவடியைக் கையோடு எடுத்துச் செல்க. செடியின் உறுப்புகள் என்னும் பக்கத்தை விரித்து வைத்து, இதில் ஓலை எங்கே, பாளை எங்கே, குரும்பை எங்கே என்று கேட்க. விடை வரும்வரை எழாதிருக்க.