தடை கொழும்புக்கு, தண்டனை தோட்டத்துப் பிள்ளைக்கு



நீளமான பதிவு. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா என்று இந்தப் பக்கத்தில் பந்து உதைக்கிற பிள்ளை இருக்கும் எல்லா வீட்டுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம். கடைசிவரை வாசித்துவிட்டு ஏசுங்கள்.

அது 2023 முடிகிற நேரம். "இலங்கை உதைபந்தாட்டத்துக்கு விடிவு வந்த ஆண்டு" என்று வாட்ஸ்அப் குழுக்களில் வாழ்த்துச் சுற்றியது. யாருக்கு விடிந்தது என்று கேட்கத்தான் இந்தப் பதிவு.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம்.

ஜனவரி 14ஆம் திகதி இலங்கை கால்பந்தாட்ட சம்மேளனத்துக்குத் தேர்தல் நடந்தது. ஒரு வாரத்தில், 21ஆம் திகதி, பீஃபா தடை போட்டது. காரணம் வெளியார் தலையீடு. யாப்பை யார் எழுதுவது, தேர்தலை யார் நடத்துவது என்று பெரியவர்கள் இழுபறிப்பட்டதில் நாட்டின் பெயரே பட்டியலிலிருந்து போனது.

ஜூன் 21 முதல் ஜூலை 4 வரை பெங்களூரில் சாஃப் கிண்ணம். பூட்டான் விளையாடியது, மாலைதீவு விளையாடியது. லெபனானும் குவைத்தும் விருந்தாளிகளாக வந்து விளையாடின. 1995இல் கொழும்பில், இறுதியாட்டத்தில் இந்தியாவைத் தோற்கடித்துத் தெற்காசியக் கிண்ணத்தைத் தூக்கிய இலங்கை மட்டும் வீட்டில் இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் தடை நீங்கியது. செப்டம்பர் 29ஆம் திகதி மறுபடியும் தேர்தல். ஒக்டோபரில் 2026 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று. 12ஆம் திகதி சவூதியில் யெமனிடம் 3-0 தோல்வி. 17ஆம் திகதி கொழும்பில் 1-1. இரண்டே ஆட்டத்தோடு உலகக் கிண்ணக் கனவு சரி.

யெமன் யார்? வருடக்கணக்காக யுத்தம் நடக்கும் நாடு. சொந்த மண்ணில் ஆட முடியாமல் அடுத்த நாட்டு மைதானத்தைத் தன் மைதானமாக வைத்து ஆடியது. அந்த நாட்டிடம் தோற்றோம். நமக்கு அப்போது யுத்தம் முடிந்து 14 வருடம். நம்மைத் தோற்கடித்தது கதிரைச் சண்டை.

இப்போது நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம்.

ஜனவரித் தேர்தலில் வென்றவர் ஜெ. ஸ்ரீரங்கா. 2010இல் நுவரெலியா மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் போனவர். "நம்ம மாவட்டத்து ஆள்" என்று இங்கே ஒரு பக்கம் சந்தோஷப்பட்டார்கள். செப்டம்பரில் ஜஸ்வர் உமர் வென்றார். "நம்ம ஆள்" என்று எங்கள் சமூகத்தில் இன்னொரு பக்கம் சந்தோஷப்பட்டார்கள். தனிப்பட்ட முறையில் இருவரோடும் எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி உண்டு. ஜனவரியில் நம்ம ஆள், செப்டம்பரில் நம்ம ஆள். டிசம்பரில் நம்ம பிள்ளையின் கோல் கம்பத்துக்கு ஒரு வலை வந்ததா? இன்னும் மூங்கில் கம்பம்தானே? ஆளின் பெயரையும் ஊரையும் பார்த்துக் கைதட்டுகிறவரைக்கும் அவர்களுக்கும் வலை கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

"சேர், நம்ம புள்ளைங்க எப்ப இலங்கை டீமுக்கு விளையாடப் போகுது? தடை வந்தா நமக்கென்ன?" என்று ஒரு தகப்பன் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் இதுதான். தடை என்றால் தேசிய அணி விளையாட முடியாது என்பது மட்டுமில்லை. பீஃபாவும் ஆசியச் சம்மேளனமும் நடத்தும் அபிவிருத்தித் திட்டம், பயிற்சிநெறி எதிலும் நாட்டிலுள்ள யாரும் சேர முடியாது என்பதும் அதற்குள் அடக்கம். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலையில், கணிதம் படிப்பிக்கிற இளம் ஆசிரியர் ஒருவர் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குகிறார். அவர் முறையாகப் பழக இருந்த கதவு ஏழு மாதம் மூடிக் கிடந்தது. கொழும்பில் பெரிய கழகத்துக்குக் காசு கொடுத்தாவது ஒரு பயிற்றுநர் கிடைப்பார். நமக்கு அந்த ஒரு ஆசிரியர்தான். ஆகவே தடையின் முழுப் பாரமும் விழுந்தது இங்கேதான்.

இது இன்று தொடங்கிய கதையும் இல்லை. நுவரெலியாவில் வெள்ளைக்காரன் 1889இலேயே கோல்ஃப் கழகம் வைத்தான். குதிரைப் பந்தயத் திடல் வைத்தான். டிக்கோயாவில், ராதல்லையில் தொரைமாருக்குக் கிரிக்கெட் மைதானம் வந்தது. அந்தப் புல்லை வெட்டிப் பராமரித்தவர்களின் பிள்ளைகளுக்கு லயத்து வாசலும் பெரட்டுக்களமும்தான் மைதானம். 1952இல் இலங்கை பீஃபாவில் சேர்ந்தபோது மலையக மக்களில் பெரும்பாலானோருக்குக் குடியுரிமையே இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்திருந்தது. நாட்டின் ஜேர்சியைப் போடுவதற்கு முதலில் நாடு வேண்டுமே!

2023இல் மலையகம் 200. ஜூலை 28 தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12 மாத்தளை வரை நம் மக்கள் நடந்தார்கள். காணி வேண்டும், வீடு வேண்டும், சரியான சம்பளம் வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் காணிக் கேள்விக்குள்ளேயே பிள்ளை விளையாடுகிற ஒரு துண்டு நிலமும் இருக்கிறது. 2023இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வாங்கிய வீட்டில் பூட்ஸ் என்பது நினைத்துப் பார்க்க முடியாத செலவு. நிலமாவது இருக்க வேண்டாமா?

இருக்கிற மைதானங்களின் நிலைமை என்ன? நோர்வூட் மைதானத்தை 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் வந்தபோது நாடே பார்த்தது. மே தினம் வந்தால் மேடை எழும்பும், தேர்தல் வந்தால் ஹெலிகொப்டர் இறங்கும். கூட்டம் முடிந்த மறுநாள் பந்தோடு போகிற பிள்ளைக்கு மிஞ்சுவது லொறி டயர்த் தடமும் ஆணியும் போத்தல் ஓடும். அரசியல் கூட்டம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கூட்டம் போட்டவர்கள் மைதானத்தை இருந்தபடி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறோம்.

அடுத்தது சுற்றுப்போட்டி ஏற்பாட்டாளர்கள். இதைச் சொன்னால் கோபம் வரும், வரட்டும். பெரிய பெனர், பெரிய கேடயம், பரிசுத் தொகை. அணிக்குப் பெயர் நம்ம தோட்டத்துப் பெயர். உள்ளே விளையாடுகிறவன் காசுக்கு வெளியூரிலிருந்து வேனில் வந்தவன். நம்ம பிள்ளை தேயிலைக்குள் போன பந்தைப் பொறுக்கிக் கொடுக்கிறான். நாள் முழுக்க வேலை செய்தவருக்கு அரைப்பேர் போட்ட கணக்குப் போலத்தான் இதுவும். தோட்டத்தின் பெயரைச் சொல்லி வசூல் செய்கிறவர்கள், தோட்டத்துப் பிள்ளையைக் களத்தில் இறக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெயரைப் பாவிக்கக் கூடாது.

"படிக்கிற பிள்ளையைக் கெடுக்காதீங்க சேர்" என்பவர்களுக்கும் பதில் சொல்கிறோம். நாங்கள் படிப்பிக்கிறவர்கள், வரவு இடாப்பு எங்கள் கையில்தான் இருக்கிறது. பயிற்சி இருக்கிற நாளில் யார் வருகிறான், இல்லாத நாளில் யார் காணாமல் போகிறான் என்று எங்களுக்குத் தெரியும். சாதாரண தரம் எழுதாமல் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகிற பையனைப் பாடசாலையில் பிடித்து வைக்க, சில நேரம் ஒரு பந்துதான் இருக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஜூலையில் பெண்கள் உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவின் நுஹைலா பென்ஸினா ஹிஜாபோடு விளையாடினார். பெரியவர்களுக்கான உலகக் கிண்ணத்தில் அப்படி விளையாடிய முதல் வீராங்கனை அவர்தான். ஆகவே எங்கள் சமூகத்தில் உடையைக் காரணம் காட்டுகிறவர்கள் வேறு காரணம் தேடுங்கள். தோட்டத்தில் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு பந்து" என்கிறவர்களே, கொழுந்துக் கூடையைச் சுமந்து மலை ஏறுகிற கால்கள் யாருடையவை?

சின்ன ஊர், நம்மால் என்ன முடியும் என்று சொல்லாதீர்கள். மாலைதீவின் சனத்தொகை நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகையை விடக் குறைவு. அவர்கள் 2008இலும் 2018இலும் சாஃப் கிண்ணத்தை வென்றார்கள். 2008 இறுதியாட்டம் நடந்தது நம்ம கொழும்பில்தான். பக்கத்தில் நாவலப்பிட்டியைப் பாருங்கள். 2021 சூப்பர் லீக்கின் பத்து அணிகளில் அப்கன்ட்ரி லயன்ஸும் ஒன்று. மலையில் கால் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கொழும்பில் இருப்பவரைக் கேள்வி கேட்க நமக்கு வழி இருக்கிறது. சம்மேளனத் தலைவரைத் தெரிவு செய்வது நாடு முழுக்க உள்ள லீக்குகளின் பிரதிநிதிகள். அவர்கள் நம்ம டவுனில் நம்மோடு தேத்தண்ணீர் குடிக்கிறவர்கள்தான். அந்த வாக்கு நம் பிள்ளைகளின் அமானிதம். சொந்தச் சொத்து இல்லை. ஆகவே மூன்று விஷயம் கேட்கிறோம்.

ஒன்று: நமது பகுதி லீக்கின் சார்பில் 2023இல் வாக்களித்தவர்கள் யார், வாக்குக்குப் பதிலாக நம் பிள்ளைகளுக்கு என்ன கேட்டார்கள் என்று பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு: பொது மைதானத்தில் சுற்றுப்போட்டி நடத்துகிற எவரும் 15 வயதுக்குட்பட்ட ஆண், பெண் பிள்ளைகளுக்கும் அதே மைதானத்தில் ஆட்டம் வைக்க வேண்டும்.

மூன்று: கூட்டமோ களியாட்டமோ, மைதானத்தை எடுக்கிறவர்கள் திருத்திக் கொடுப்பதற்கு முன்பணம் கட்ட வேண்டும். நகரசபையும் பிரதேச சபையும் இதை எழுத்தில் கொண்டுவர வேண்டும்.

இதில் எதுவும் பீஃபாவிடம் கேட்க வேண்டியதில்லை. எல்லாம் நம்ம டவுனுக்குள் முடிகிற காரியம்.

லீக்கில் இருக்கிற சகோதரர்களே, அடுத்த பொதுக்கூட்டம் எந்தத் திகதி, எந்த இடம் என்று கீழே கமெண்டில் போடுங்கள். பெற்றோரையும் கூட்டிக்கொண்டு நாங்கள் வருகிறோம்.