வெறும் கை வீரர்கள்

"இருபது வருஷமா வெறும் கையாலதான் சார் கலக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே!"

பிளைவுட் படகு கட்டும் ஒரு கொட்டகையில் கேட்ட வசனம். சொன்னவரின் விரல் இடுக்கெல்லாம் சிவந்து, தோல் உரிந்து கிடந்தது. என்னங்க இது என்றால், "அது சும்மா, சூட்டு அரிப்பு."

சும்மா இல்லை ஐயா! குழாய் ஒழுகினால் நீங்களும் நானும் எம்-சீல் பிசைந்து அப்புகிறோமே, அதே எபாக்ஸி குடும்பம்தான். அங்கே டப்பா டப்பாவாக ஓடுகிறது. பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டில் பட்டி போட்டு, மேலே கண்ணாடி இழை நாடா ஒட்டினால் படகு. 1963-ல் இங்கிலாந்தில் டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவில் வந்த 'மிரர்' படகு, இந்தத் தையல் வித்தையைப் பிரபலமாக்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டிலேயே கட்டினார்கள். (நம் பத்திரிகைகள் ஷாம்பு பாக்கெட்தான் கொடுத்தன!)

கஷ்டம் அந்தப் பட்டியில் இருக்கிறது. ஃபைபர் படகில் பாலியஸ்டர் ரெசினோடு பழகியவர்கள், சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் கேட்டலிஸ்ட்டை ரெண்டு சொட்டு கூட்டுவார்கள். எபாக்ஸியில் அந்தப் பருப்பு வேகாது. ஹார்டனரைக் கூட்டினால் வேகம் வராது. பட்டி சரியாக இறுகாது. மிஞ்சிய ஹார்டனர் உங்கள் தோலைத் தேடி வரும். டப்பாவில் போட்டிருக்கும் அளவுதான் அளவு. முதலில் ரெசினும் ஹார்டனரும் ஒன்றாகக் கலந்த பிறகே பவுடர். மூட்டுக்கு வடை மாவு பதம்: கரண்டியைக் கவிழ்த்தால் விழக்கூடாது. குவளையிலேயே குவித்து வைத்தால் சூடேறிப் புகையும். தட்டையான பலகையில் பரப்பிவிடுங்கள்.

அந்த சிலிகா பவுடர் இருக்கிறதே, மூச்சு விட்டால் பறக்கும். கர்ச்சீப் கட்டிக்கொண்டால் போதுமாம்! கர்ச்சீப் மூக்கு சிந்தத்தான் சார். தூசிக்கென்றே செய்த முகமூடி வேண்டும். மறுநாளே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அடுத்த வீரம். தொட்டால் கல் மாதிரி இருக்கும். உள்ளே முழுசாக இறுகப் பல நாளாகும். அரைகுறையாக இறுகியதன் தூசி தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது. சாயங்காலம் தின்னரில் கை கழுவுவது எல்லாவற்றையும்விடக் கொடுமை. ரெசினைக் கரைத்துத் தோலுக்குள் அனுப்பி வைக்கிற வேலை அது. துணியால் துடைத்து சோப்பு போட்டால் போதும்.

'ஒண்ணும் ஆகலையே' என்பவருக்கு இன்னொன்று. எபாக்ஸி ஒவ்வாமை முதல் நாளே வரவேண்டுமென்று இல்லை; வருஷக்கணக்கில் பழகியபிறகும் வரலாம். வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. துளி பட்டாலும் தடிக்கும். அப்புறம் அந்தத் தொழிலையே விட வேண்டியதுதான்.

நான் பி.காம். படித்தவன். கொட்டேஷனை வாங்கிப் பார்த்தேன். பிளைவுட், கம்பி, ரெசின், டீச்செலவு வரை இருந்தது. கையுறை இல்லை, முகமூடி இல்லை. அந்தச் செலவு கலக்குகிறவர் தோலில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பவுடரோ, மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கட்டிய வெறும் பாலிதீன் கவர். தமிழில் என்ன, எந்த பாஷையிலும் ஒரு எச்சரிக்கை இல்லை. படகு வாங்கப் போகிறவர்களே, கையுறைக்கும் முகமூடிக்கும் பில்லில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். அந்தக் காசைக் கொடுங்கள்.

மறுமுறை போனபோது ஒரு பெட்டி நைட்ரைல் கையுறை வாங்கிப் போனேன். முதலாளி சிரித்தார்.

"எதுக்கு சார், பழக்கத்தைக் கெடுக்கறீங்க?"