முகப்பில் எத்தனை சொற்கள்?



பெண் பார்க்கச் செல்லும் நம் வீட்டுப் பெரியவர்கள், வாசலிலேயே பாதிச் செய்தியை அறிந்துகொள்வார்கள். நிலைப்படி துடைக்கப்பட்டிருக்கிறதா, செருப்புகள் ஒழுங்காக இருக்கின்றனவா, வந்தவர் உட்காரத் திண்ணையில் இடம் இருக்கிறதா என்று ஒரே பார்வையில் அளந்துவிடுவார்கள். ஆனால் மீதிப் பாதி வீட்டுக்குள்ளே இருக்கிறது என்பதை அவர்கள் ஒருபோதும் மறப்பதில்லை.

இணையதளங்களுக்கும் இத்தகைய தலைவாசல் உண்டு. முகப்புப் பக்கம் என்பது அதற்குப் பெயர். நாமும் நம் பிள்ளைகளும் ஒரு நாளில் எத்தனையோ முறை கடந்து செல்லும் வாசல் அது. அதனைக் கட்டியவர்கள் யாருடைய வசதியை எண்ணிக் கட்டினார்கள் என்று நாம் கேட்டதுண்டா? இம்மாதம் அக்கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்.

எழுத்து மட்டும் இருந்த வாசல்

உலகின் முதல் இணையதளம் 1991ஆம் ஆண்டில் வெளியுலகிற்கு அறிவிக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் அதனை உருவாக்கினார். அதன் முகப்பில் படம் இல்லை, விளம்பரம் இல்லை. இத்திட்டம் யாது என்று விளக்கும் சில வரிகளும், உதவி, பங்கேற்போர், வரலாறு என்பன போன்ற தலைப்புகளுமே இருந்தன. தேவையானதைத் தெரிந்துகொண்டு வந்தவர் தம் வழியே செல்லலாம். அவ்வளவுதான்.

1993இல் மொசைக் என்னும் மென்பொருள் வந்தது. எழுத்துகளுக்கு இடையிலேயே படங்களையும் காட்ட அது வழி செய்தது. வாசலுக்கு வண்ணம் பூசும் காலம் தொடங்கிற்று. ஆனால் அக்காலத்தில் இணையம் தொலைபேசிக் கம்பி வழியாக வந்தது. நொடிக்கு 28,800 பிட் என்னும் வேகத்தில், 50 கிலோபைட் அளவுள்ள ஒரே ஒரு படம் வந்து சேரப் பதினான்கு நொடிகள் ஆகும். இப்படி நான்கைந்து படங்களை முகப்பில் வைத்தவர், வந்த விருந்தாளியை ஏறக்குறைய ஒரு நிமிடம் வாசலில் நிற்க வைத்தார் என்பதே பொருள்.

கைகாட்டி கடைத்தெருவான கதை

1994ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி யாங், டேவிட் ஃபிலோ என்னும் இரு மாணவர்கள், தாங்கள் கண்ட நல்ல தளங்களை வகைப்படுத்தி ஒரு பட்டியலாக வெளியிட்டனர். அதுவே யாஹூ எனப் பெயர் பெற்றது. கலை, வணிகம், கல்வி, உடல்நலம், அறிவியல் என்று நூலக அலமாரிகளைப் போல அதன் முகப்பு அடுக்கப்பட்டிருந்தது. 'நீங்கள் தேடுவது அங்கே இருக்கிறது, சென்று வாருங்கள்' என்று வழிகாட்டி அனுப்பும் கைகாட்டி மரம் அது.

1995இல் யாஹூ நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. நிறுவனம் என்றால் வருமானம் வேண்டும்; வருமானத்திற்கு விளம்பரம் வேண்டும். விளம்பரம் பார்ப்பதற்கு வந்தவர் உடனே போய்விடக் கூடாது! இந்த ஒரு கணக்கு முகப்பின் உருவத்தையே மாற்றிவிட்டது. மின்னஞ்சல் வந்தது, பங்குச் சந்தை விலை வந்தது, வானிலை, விளையாட்டு, அங்காடி என ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிந்தன. வழிகாட்டி அனுப்பிய கைகாட்டி மரம், வந்தவரைக் கையைப் பிடித்து நிறுத்தும் கடைத்தெருவாயிற்று.

இந்த நெரிசலில் தேடும் பெட்டி ஒரு மூலைக் கடையைப் போலாகிவிட்டது. 2000ஆம் ஆண்டில் யாஹூ, தேடி விடை தரும் வேலையையே வெளியார் ஒருவரிடம் ஒப்படைத்தது. யார் அந்த வெளியார்? இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடங்கப்பட்டிருந்த கூகுள் என்னும் சிறு நிறுவனம். தன் போட்டியாளனுக்குத் தன் வாசலிலேயே திண்ணை கொடுத்தது போலாயிற்று. 2004இல்தான் யாஹூ அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டது.

வெறுமையான வாசல்

லாரி பேஜ், செர்ஜி பிரின் என்னும் இருவர் 1998இல் தொடங்கிய கூகுளின் முகப்போ நேர் எதிரானது. ஒரு பெயர், ஒரு பெட்டி, இரண்டு பொத்தான்கள், சில இணைப்புகள். மற்றபடி வெள்ளை வெளி. இதனை ஆழ்ந்த அழகியல் கொள்கை என்று எண்ணிவிட வேண்டாம். முகப்பை வடிவமைக்கத் தங்களிடம் ஆள் இல்லை என்பதும், எச்.டி.எம்.எல். எழுதுவது தமக்கு வழக்கமில்லை என்பதுமே பிரின் சொன்ன காரணம். இல்லாமையால் வந்த எளிமை அது.

அந்த எளிமை மக்களுக்குப் புரியவில்லை என்பதுதான் வேடிக்கை. தொடக்க காலத்தில் அங்கே பணியாற்றிய மரிஸ்ஸா மேயர் ஒரு நிகழ்ச்சியைக் கூறியிருக்கிறார். ஒரு சோதனையில் சிலரைக் கணினி முன் அமர்த்தி, கூகுளைக் கொண்டு ஒரு விடையைத் தேடச் சொன்னார்கள். அவர்கள் திரையைப் பார்த்தபடியே பேசாமல் இருந்தார்கள். எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது, பக்கத்தின் மீதிப் பகுதி வருவதற்காக என்றார்களாம்! கடைத்தெருவுக்குப் பழகிய கண்களுக்கு வெறும் முற்றம் பாதி கட்டிய வீடாகத் தோன்றியிருக்கிறது. பக்கம் முடிந்துவிட்டது என்று காட்டுவதற்காகவே, அடியில் இருந்த பதிப்புரிமை வரியைச் சற்றுப் பெரிதாக்கினார்கள். வாக்கியத்தின் இறுதியில் வைக்கும் முற்றுப்புள்ளி போல அது பயன்பட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. முகம் தெரியாத ஒருவரிடமிருந்து அந்நிறுவனத்திற்கு அவ்வப்போது மின்னஞ்சல் வரும். அதில் ஓர் எண் மட்டுமே இருக்கும். என்ன புதிர் இது என்று திகைத்தார்கள். ஒருமுறை 61 என்று எழுதி, கொஞ்சம் கனமாகிவிட்டதே என்ற பொருளில் ஒரு வரியையும் சேர்த்திருந்தார். அப்போதுதான் விளங்கிற்று. முகப்பில் உள்ள சொற்களை அவர் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்! அதன் பிறகு அவர்களும் எண்ணத் தொடங்கினார்கள், சொற்களைக் குறைத்தார்கள்.

விட்டுப்போன ஒரு சொல்

இதுவரை கேட்டவை பாராட்டத் தக்கவை. இனி வருவது சிந்திக்கத் தக்கது.

2003இல் கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. மக்களிடமிருந்து விவரங்களைத் திரட்டும் இணையதளங்கள், அவற்றை என்ன செய்கின்றன என்பதைத் தெளிவாகக் கண்ணில் படும்படி அறிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2004இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆயினும் கூகுளின் முகப்பில் அந்தரங்கப் பாதுகாப்பு குறித்த இணைப்பு இல்லை. அறிவிப்பு உள்ளே இருந்தது. தேடிச் சென்றால் கிடைக்கும். 2008இல் அந்தரங்க உரிமைக்காகப் பாடுபடும் அமைப்புகள் இதனைச் சுட்டிக்காட்டி வற்புறுத்தின. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அந்த ஒரு சொல் முகப்பில் இடம்பெற்றது.

அதற்கும் ஒரு நிபந்தனை. அப்போது முகப்பில் 28 சொற்கள் இருந்தன. ஒரு சொல்லைச் சேர்த்தால் ஒரு சொல்லை எடுக்க வேண்டும் என்று நிறுவனர்கள் கூறிவிட்டனர். எனவே பதிப்புரிமை வரியில் இருந்த தங்கள் நிறுவனத்தின் பெயரையே நீக்கி, 'அந்தரங்கம்' என்பதற்கான சொல்லை அங்கே வைத்தார்கள். எண்ணிக்கை மாறவில்லை.

வாசகர்களே, எண்ணிப் பாருங்கள். வாசலைத் தூய்மையாக வைத்திருப்பது நல்ல பண்பு. ஆனால் வருபவருக்குச் சொல்ல வேண்டிய செய்தியைத் தூய்மையின் பெயரால் சொல்லாமல் விடுவது நல்ல பண்பாகுமா? பத்து ஆண்டுகளாக அந்த வெள்ளை வெளியில் ஒரு சொல்லுக்கு இடம் இருந்தது. பிறர் கேட்ட பிறகுதான் அது கிடைத்தது.

மேலும், வெறுமையான வாசல் என்றால் வீட்டில் வாணிபம் இல்லை என்று பொருளல்ல. 2000ஆம் ஆண்டிலேயே தேடலின் விடைகளுக்கு அருகில் விளம்பரங்களை விற்கும் முறையை கூகுள் விரிவாகத் தொடங்கிவிட்டது. கடை வாசலில் இல்லை; அடுத்த அறையில் இருந்தது. 2018இல் கைப்பேசியில் திறக்கும் முகப்பிற்கே மாற்றம் வந்தது. பெட்டிக்குக் கீழே, நமக்குப் பிடிக்கும் என்று கணித்த செய்திகளை வரிசையாக அடுக்கும் வசதி சேர்க்கப்பட்டது. சொற்களை எண்ணி வைத்த வாசலிலும் கூட்டம் கூடிவிட்டது.

யாஹூவின் கதை என்ன ஆயிற்று? கூகுளின் முகப்பைக் காத்து வந்த அதே மேயர் 2012இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டில், முடிவின்றி நீளும் செய்தி வரிசையுடன் புதிய முகப்பை வெளியிட்டார். 2014இன் இறுதியில் பழைய பட்டியல் மூடப்பட்டது. 2017இல் யாஹூவின் இணைய வணிகம் 448 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. வாசல் நெரிசல் ஒன்றே வீழ்ச்சிக்குக் காரணம் என்று கூறுவது நியாயமாகாது. ஆனால் வந்தவர் எதற்காக வந்தார் என்பதை மறந்த வீடு அது என்பதில் ஐயமில்லை.

நாம் செய்யத் தக்கது

நம் வீட்டில் பிள்ளைகள் ஒரு தளத்தைத் திறக்கும்போது, அருகில் அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். நீ எதற்காக இங்கே வந்தாய்? இந்த முகப்பு உன்னை அங்கே அனுப்புகிறதா, அல்லது வேறெங்கோ இழுக்கிறதா? அடியில் சிறிய எழுத்தில் என்ன இருக்கிறது?

மூன்றாவது கேள்வியே முக்கியமானது. பக்கத்தின் உச்சியில் இருப்பது அவர்கள் நமக்குக் காட்ட விரும்புவது. அடியில் இருப்பதோ, பல வேளைகளில், காட்ட வேண்டிய கட்டாயத்தால் வைக்கப்பட்டது. இரண்டையும் படிப்பவரே அந்த வீட்டை முழுமையாக அறிந்தவர்.

வாசலைப் பார்த்து மகிழ்வதில் தவறில்லை. பெண் பார்க்கப் போன நம் பெரியவர்கள் அதோடு நின்றுவிடவில்லை. உள்ளேயும் சென்று விசாரித்தார்கள். அந்த நிதானம் நமக்கும் வேண்டும்.