துணைக்கு யார்?

பெண்ணொருத்தி பெட்டியைக் கட்டினால் நம்மவர் வாயினின்று முதலில் எழும் வினா, ‘எங்கே போகிறாய்?’ என்பதன்று, ‘எதைக் காணப் போகிறாய்?’ என்பதுமன்று, ‘துணைக்கு யார்?’ என்பதே. இத்தாலி தேசத்தைப் பார்த்துவர நாம் தீர்மானித்த நாள்முதல் இவ்வினாவைக் கேட்டவர் தொகை எண்ணி முடியாது. அத்தை கண்ணீரோடு கேட்டார்; மாமா சினத்தோடு கேட்டார்; மேடைதோறும் பெண் விடுதலையை முழங்கும் அன்பரொருவர் புன்னகையோடு கேட்டார். ‘யாருமில்லை’ என்றோம். அத்துடன் கேள்வி நின்றது, பழிச்சொல் தொடங்கிற்று. ‘நாம்’ என்பது பத்திரிகை வழக்கு. பயணம் போனது ஒருத்தியே என்பதை வாசகர் மனத்திற் கொள்க.

அப்பழிச்சொல்லுக்கு மறுமொழி கூறவே இக்கட்டுரை. பொலோஞா என்னும் பழம்பெரு நகரத்திலே நாம் தன்னந்தனியாகச் சுற்றித்திரிந்த ஒரு பகற்பொழுது நமக்கு எதைக் காட்டிற்றோ அதையே எடுத்துரைப்போம். நியாயத்தை வாசகரே தீர்க்கட்டும்.

காலையில் புளோரன்ஸ் நகரத்தில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் பொலோஞாவில் இறங்கிவிடலாம். இறங்கிய மாத்திரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நம்மிடம் குடையில்லை, ஆயினும் நாம் நனையவில்லை. அந்நகரின் வீதிகளில் வீடுகளின் முன்புறம் தூண்களை நிறுத்தி, வளைவுகளை எழுப்பி, மேல்மாடியையே கூரையாக்கிய நடைபாதை வீட்டுக்கு வீடு தொடர்ந்து செல்கிறது. நம் பட்டணங்களில் கடைவீடுகளின் முன்னுள்ள அஞ்சடியில் நடந்து பழகியோர்க்கு இது புதுமையன்று. சிங்கப்பூரில் 1822-ஆம் ஆண்டின் நகரத் திட்டத்திலே ராபிள்ஸ் துரை விதித்த அந்த அஞ்சடியைப்போல் இருமடங்கு, மும்மடங்கு அகலமும் உயரமும் உடையதாக எண்ணிக்கொள்ளுங்கள். பொலோஞாவில் இவற்றின் மொத்த நீளம் 62 கிலோமீட்டர். இவற்றுட் சிறந்த பகுதிகளை 2021-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

இந்நடைபாதையின் பிறப்பு வரலாறே ஒரு பாடமாகும். மாணாக்கரும் தொழிலாளரும் வந்து குவிந்தபடியால் இடம் போதாமல், வீட்டுக்காரர்கள் மேல்மாடியைத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டினார்கள். நீண்ட மாடியைத் தூண்கள் தாங்கின. 1288-ஆம் ஆண்டில் நகர ஆட்சி ஒரு சட்டம் செய்தது. புதிதாக வீடு கட்டுவோர் இத்தகைய நடைபாதையை வைத்தே கட்டவேண்டும். இல்லாத வீட்டார் சேர்த்துக் கட்டவேண்டும். நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமையோ ஊரார் அனைவருடையது. மழை பெய்கிறது, வெயில் எரிக்கிறது, ஆதலால் வெளியே வாராதீர் என்று அவ்வூர் தன் மக்களுக்குக் கட்டளையிடவில்லை. நடப்போரை அடைத்து வைக்காமல் நடக்கும் வழியைச் சீர்ப்படுத்திற்று. இதனை வாசகர் நினைவில் நிறுத்துக. பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

நடைபாதை வழியே சென்று ஆர்க்கிஜின்னாசியோ என்னும் மாளிகையை அடைந்தோம். 1088-ஆம் ஆண்டையே தன் பிறப்பாண்டாகக் கொண்டாடும் பொலோஞா சர்வகலாசாலைக்கு 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த இருப்பிடம் அது. பிணத்தை அறுத்து உடற்கூறு கற்பித்த மண்டபம் அதனுள்ளே இருக்கிறது, முழுவதும் மரவேலை. 1944 ஜனவரியில் விமானக் குண்டு வீழ்ந்து நொறுங்கிய அம்மண்டபத்தை, இடிபாட்டினின்று பழைய மரத்துண்டுகளைப் பொறுக்கியெடுத்து மீண்டும் கட்டியிருக்கிறார்கள். ஆசிரியர் பீடத்தின் விதானத்துக்கு மேலே ஒரு பெண்ணுருவம் வீற்றிருக்கிறது. உடற்கூற்றுக் கலையைப் பெண்ணாக உருவகித்த சிற்பம் அது. சிறகு முளைத்த குழந்தையொன்று அவளுக்குக் காணிக்கையாக நீட்டுவது மலரன்று; தொடையெலும்பு!

மரத்தாற் செய்த பெண்ணுக்கு ஆசிரியர் தலைக்கு மேலே ஆசனம். உயிருள்ள பெண்ணுக்கு அவ்வூர் என்ன கொடுத்தது? லௌரா பாஸி என்னும் நங்கை 1732-ஆம் ஆண்டில், தமது இருபதாம் வயதில், கற்றோர் அவையிலே 49 கோட்பாடுகளை நிலைநாட்டி வாதாடினார். அவ்வாண்டிலேயே பட்டமும் பெற்றார். ஆசிரியர் பதவியும் பெற்றார். ஊரே திரண்டு புகழ்ந்தது. ஆனால், பெண் என்னும் ஒரே காரணத்தால், மேலிடத்தார் கட்டளையிடும் நாளிலன்றி அவர் பொது மண்டபத்திற் பாடஞ்சொல்லலாகாது என்று விதித்தார்கள். அறிவுண்டு, பட்டமுண்டு, சம்பளமுண்டு. தாமே எழுந்து சென்று கற்பிக்கும் உரிமை மட்டும் இல்லை! அவர் அழுது முடங்கினாரா? இல்லை. தம் இல்லத்தையே பௌதிக சாத்திரப் பள்ளியாக்கி மாணாக்கரைத் தம் வாசலுக்கு வரவழைத்தார். 1776-ஆம் ஆண்டிலேதான் விஞ்ஞானக் கழகத்தின் பௌதிகப் பேராசிரியர் பீடம் அவருக்குக் கிட்டிற்று, 1778-இல் மறைந்தார். தம் வீட்டு வாசலுக்கும் கலைக்கழக வாசலுக்கும் இடையிலுள்ள சில வீதிகளைத் தடையின்றிக் கடக்க அப்பெருமாட்டிக்கு 44 ஆண்டுகள் ஆயின!

அக்கழகம் இருந்த பொஜ்ஜி மாளிகை இப்பொழுது காட்சிசாலை. அங்கே மெழுகினால் உடலுறுப்புகளை வடித்து மருத்துவம் பயில்வோர்க்கு உதவிய அன்னா மொராண்டி என்னும் அம்மையாரின் கைவேலையைக் கண்டோம். அவரும் அவர் கணவர் மன்ஸோலினியும் சேர்ந்து தொழில் செய்தவர்கள்; 1755-இல் கணவர் இறந்த பின்னரும் அம்மையார் தொழிலை விடவில்லை. தம்மையும் கணவரையும் அவர் மெழுகிலே வடித்திருக்கிறார். கணவர் கையில் இருப்பது இதயம். அம்மையார் பட்டாடையும் அணிகலனும் பூண்டு அறுத்து ஆராய்வது மனித மூளை. ஆணுக்கு மூளை, பெண்ணுக்கு இதயம் என்று ஓயாமல் ஓதுவோர் அந்த உருவங்களின் முன்னே ஒரு நாழிகை நிற்கட்டும்!

நண்பகலில் பசித்தது. சிறிய உணவுச்சாலையொன்றில் நுழைந்தோம். ‘ஒருவரா?’ என்று பரிமாறுபவர் கேட்டார். ‘ஒருவரே’ என்றோம். பாற்கட்டியை மாவுக்குள் பொதிந்து அவித்த டோர்டெல்லோனியை ஒரு தட்டில் கொணர்ந்து வைத்தார். அவர் வினாவிலே விசாரணை இல்லை. எத்தனை தட்டு வைப்பது என்னும் கணக்கே இருந்தது. இத்தனை எளிய ஒரு வினாவைக் கேட்க நாம் இத்தனை தூரம் போகவேண்டியிருந்ததே என்று எண்ணியபோது உணவு சிறிது நேரம் தொண்டையில் இறங்கவில்லை.

பிற்பகலில் நெப்டியூன் சதுக்கத்துக்குச் சென்றோம். அங்கே ஒரு சுவர் முழுவதும் புகைப்படங்கள். பாசிசக் கொடுங்கோலையும் நாஜிப் படையையும் எதிர்த்து மடிந்த பொலோஞா மக்களின் முகங்கள் அவை. ஆண்களிடையே பெண்களும் இருக்கிறார்கள். 1915-இல் பிறந்த இர்மா பண்டியேரா அவர்களுள் ஒருவர். வசதியான குடும்பத்துப் பெண். எதிர்ப்புப் படையினர்க்கு ஆயுதமும் செய்தியும் கொண்டு சென்றவர். 1944 ஆகஸ்டில் பகைவர் அவரைப் பிடித்து, நாட்கணக்கில் வதைத்து, கண்களைக் குருடாக்கினர். தோழர் ஒருவர் பெயரையும் அவர் சொல்லவில்லை. ஆகஸ்டு 14-ஆம் நாள் சுட்டுக்கொன்று உடலை வீதியிலே எறிந்தனர். வயது இருபத்தொன்பது. பெண்ணுக்கு அடுக்களையும் தொட்டிலுமே கதியென்று இருபதாண்டு காலம் ஓதிய ஆட்சியின் கண்முன்னே இத்தகைய பெண்கள் நடந்தும் மிதிவண்டியிலும் தனியே சென்றார்கள். 1945 ஏப்ரல் 21-ஆம் நாள் அந்நகரம் விடுதலை பெற்றது. துணையின்றிப் போன அப்பெண்களுக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது.

‘அது வெள்ளையர் தேசம், அங்குள்ள பெண்களுக்கு அது பிறவிச் சுதந்திரம், நமக்கு ஒவ்வாது’ என்பார் உளர். பொய்! அந்நாட்டுச் சட்டப் புத்தகத்தைப் புரட்டுங்கள். மனைவி தன் நிலத்தை விற்கக் கணவனிடம் அனுமதி பெறவேண்டும் என்னும் விதி 1919 வரை இருந்தது. தேசிய வாக்குரிமை 1945-இல் வந்தது. குடும்பத்திற் கணவனும் மனைவியும் சமம் என்பது 1975-இல் சட்டமாயிற்று. மானத்தின் பெயரால் மனைவியையோ மகளையோ சகோதரியையோ கொன்றவனுக்குத் தண்டனையைக் குறைத்த விதியும், கற்பழித்தவன் அப்பெண்ணையே மணந்தால் குற்றம் ஒழிந்துபோம் என்ற விதியும் 1981 வரை உயிரோடிருந்தன! சிசிலித் தீவிலே, 1965-ஆம் ஆண்டின் இறுதியில், பதினேழு வயதுப் பெண்ணான பிராங்கா வியோலாவைக் கடத்திக் கெடுத்தவன் மணக்க முன்வந்தபோது, ‘மாட்டேன்’ என்று அவர் மறுத்தார். அவர் தந்தையும் மகளின் பக்கமே நின்றார். அடுத்த ஆண்டு அவன் சிறை புகுந்தான். மானம், குலம், ஊர்ப்பேச்சு என்னும் தளைகள் நமக்கு மட்டும் உரியன அல்ல. அவற்றை அறுக்கும் ஆற்றலும் அவர்களுக்கு மட்டும் உரியதன்று.

இனி, மறைக்காமல் ஒன்று சொல்வோம். மாலை மயங்கும் வேளையில் ஒருவன் நம்மைப் பின்தொடர்ந்தான். நின்றால் நின்றான், விரைந்தால் விரைந்தான். நெஞ்சு பதைத்தது. நடைபாதையில் விளக்கெரிந்த ஒரு கடைக்குள் நுழைந்தோம். கடைக்கார மூதாட்டி நம் முகத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், எழுந்துபோய் வாசலில் இடுப்பிற் கைவைத்து நின்றார். அவன் போய்விட்டான்.

‘பார்த்தீரா? இதற்குத்தானே சொன்னோம்!’ என்று நம் பெரியோர்கள் கைகொட்டுவார்கள். அவர்களை ஒன்று கேட்கிறோம். பின்தொடர்ந்தவன் வீட்டை விட்டுப் புறப்பட்டபோது ‘துணைக்கு யார்?’ என்று அவனை எவரேனும் கேட்டதுண்டா? தவறு செய்பவனுக்கு ஊரெல்லாம் வழி. தவறு செய்யாதவளுக்கு வீடே சிறை. இதுவா நீதி? வீட்டுக்குள் இருந்தால் பெண்ணுக்கு ஆபத்தில்லை என்பதேனும் உண்மையா? 2023-ஆம் ஆண்டில் உலகில் வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்டிரும் சிறுமியரும் சுமார் 85,000 பேர். அவர்களுள் ஏறத்தாழ 51,100 பேர் கணவன், காதலன், உறவினர் ஆகியோர் கையாலேயே மாண்டனர் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. எவரைத் துணையென்று நம்பினார்களோ அவர்களே கூற்றுவராயினர். அந்தோ! துணையின் பெருமையை இனியும் பேசுவீரோ?

‘இத்தாலிக்குப் போக எல்லாரிடமும் பணமிருக்கிறதா? இது வசதி படைத்தவளின் விளையாட்டு’ என்றும் சிலர் சொல்லக்கூடும். பணமில்லைதான். நம் பெண்கள் இத்தாலிக்குப் போகவேண்டா, நூலகத்துக்குப் போகட்டும். மாலை வகுப்புக்குப் போகட்டும். தோட்டத்துச் சாலையில் நடந்து பெருஞ்சாலைக்கு வந்து, பஸ்ஸேறி, வேலை பார்த்து, இருட்டிய பின் வீடு திரும்பட்டும். அழைத்துவர அண்ணனுக்கு ஒழிவில்லை என்பதற்காகப் படிப்பை விட்ட பெண்கள் நம்மிடையே எத்தனை பேர்? அந்தக் கணக்கை எவரும் எழுதுவதில்லை. ஒவ்வொரு வீடும் அறியும்.

ஆதலின் பொலோஞாவின் நடைபாதைக்கே திரும்பி வருகிறோம். மழைக்கு அஞ்சி மக்களை வீட்டில் பூட்டாமல், ஒவ்வொரு வீட்டாரும் தம் வாசலிலே நாலடி நிழலை ஊருக்கு விடவேண்டும் என்று எழுநூறு ஆண்டுக்கு முன் ஒரு நகரம் விதித்தது. அத்தகைய விதியையே நாம் வேண்டுகிறோம். பெண்ணுக்கு ஓர் ஆணைத் துணையாக அனுப்பாதீர், ஊரைத் துணையாக்குங்கள். இருண்ட சாலைக்கு விளக்குக் கேளுங்கள். நேரம் தவறாத பஸ் கேளுங்கள். சந்தியில் நின்று சீழ்க்கையடிப்பவனைக் கண்டால், போகிறவளை ஏசாமல், அவனைப் பெயர் சொல்லி அழைத்து விசாரியுங்கள். மொழியறியாத ஊரில் முகமறியாத மூதாட்டி நமக்குச் செய்ததைத் தம் தெருப்பெண்ணுக்குச் செய்ய நம்மவரால் ஆகாதா?

இனி ‘துணைக்கு யார்?’ என்று எவரேனும் கேட்பாராயின் எங்கள் மறுமொழி இதுவே: நீங்கள்தாம். அதற்காக எங்களோடு நடந்துவர வேண்டியதில்லை. வாசல் விளக்கை ஏற்றி வையுங்கள். மகனைத் திருத்தி வையுங்கள். மகள் போய்வருவாள்.