வராதவர்களை அழைக்கும் முன் வெளியேறியவர்களைக் கேளுங்கள்

தேவாலயத்திற்கு வராதவர்களை எப்படி வரவழைப்பது என்ற கேள்வி திருச்சபைகளின் கூட்டங்களில் தொடர்ந்து எழுப்பப்படுகிறது. வாசலில் வரவேற்புக் குழு, இளைஞர்களுக்கான இசை வழிபாடு, வீடு சந்திப்பு என்று விடைகளும் சொல்லப்படுகின்றன. தமிழ்நாட்டில் இதற்கு முன் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வந்துகொண்டிருந்த தலித் மக்கள் ஏன் விலகிப் போனார்கள்?

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுகிறது என்றும் அந்த ஆவணமே ஒப்புக்கொண்டது. ஆக, நாம் பேசுவது ஏதோ ஒரு சிறு பிரிவினரின் மனக்குறையைப் பற்றி அல்ல. பெரும்பான்மை விசுவாசிகளின் நிலையைப் பற்றி.

அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில், பாகுபாடு தாங்காமல் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டுப் போராடினர். 2008 மார்ச்சில் அது மோதலாகி, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த கோட்டப்பாளையம் பங்கின் தலித் கத்தோலிக்கர், பங்கு நிர்வாகத்திலும் திருவிழாவிலும் தாங்கள் ஒதுக்கப்படுவதாக உச்சநீதிமன்றம் வரை சென்றுள்ளனர். அம்மனு மீது 2025 பிப்ரவரியில் நோட்டீஸ் பிறப்பிக்கப்பட்டது. ஒரே விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும் இடத்தில், வரவேற்புக் குழுவின் புன்னகைக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

சட்டமும் இம்மக்களைப் பாதி வழியிலேயே நிறுத்திவிடுகிறது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, முதலில் இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். இதனால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு மறுக்கப்படுகிறது.

ஆனால் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதை நம் தோழர்கள் மறந்துவிடக் கூடாது. அச்சட்டத்தின் 3-ஆவது பிரிவு, தீண்டாமையின் பேரில் 'எந்தவொரு நபரையும்' வழிபாட்டிடத்தில் நுழையவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. 4-ஆவது பிரிவு இடுகாட்டையும் சமய ஊர்வலத்தையும் குறிப்பிட்டே பேசுகிறது. வழிபாட்டிடம் என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கம் எல்லா மதங்களுக்கும் பொருந்தும். குறை ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், செயல் தீண்டாமையின் பேரில் நடந்ததாக நீதிமன்றம் ஊகிக்க வேண்டும் என்கிறது 12-ஆவது பிரிவு. தலித் கிறிஸ்தவருக்கு அந்த ஊகம் கிட்டாது. அவரே அதை நிரூபித்தாக வேண்டும். ஆகவே புகாரில் தேதி, இடம், சாட்சிகள், பங்குக் கூட்டக் குறிப்புகள், திருவிழா அழைப்பிதழ் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே திரட்டிக்கொள்வது இன்றியமையாதது.

அரசு பட்டியல் சாதித் தகுதி வழங்கட்டும், பிறகு எல்லாம் சரியாகும் என்று சில திருச்சபைத் தலைவர்கள் கூறுகின்றனர். அத்தகுதிக்கான போராட்டத்தில் நாமும் உடன் நிற்கிறோம். ஆனால் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே நிற்கும் சுவரை இடிக்க நாடாளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை. தேரைத் தலித் தெருவுக்குள் கொண்டுவர எந்த ஆணையத்தின் அறிக்கைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. பங்குப்பேரவையிலும் நிதிக்குழுவிலும் தலித்துகளுக்கு உரிய இடம் தருவது ஆயரின் அதிகாரத்துக்கு உட்பட்டதே.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. தனிக் கல்லறைகளும் தடுப்புச் சுவர்களும் அகற்றப்பட வேண்டும். ஒவ்வொரு மறைமாவட்டமும் 2016-ஆம் ஆண்டுக் கொள்கையை எந்த அளவுக்கு நிறைவேற்றியது என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சாதிப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் குழுவில் தலித் பெண்களும் திருச்சபைக்கு வெளியிலுள்ள சட்டம் அறிந்தவர்களும் இடம்பெற வேண்டும். தென்னிந்தியத் திருச்சபை உள்ளிட்ட பிற சபைகளும் இதே கணக்கைத் தம் மக்களுக்குக் காட்ட வேண்டும்.

கல்லூரித் தோழர்கள் அந்தக் கொள்கை ஆவணத்தைப் படியுங்கள். உங்கள் ஊர்ப் பங்கில் அதில் எத்தனை வரிகள் நடைமுறைக்கு வந்துள்ளன என்று எழுத்து மூலம் கேளுங்கள். வெளியே இருப்பவர்கள் உள்ளே வருவதா வேண்டாமா என்பதை, அக்கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பார்த்தே முடிவு செய்வார்கள்.